குழந்தைக்குச் சடை: மெதுவாகப் பின்னினால் அவிழுது, இறுக்கினால் அழுகிறாள்

புதுக்கை · ஜூன் 2, காலை

மகளுக்கு அஞ்சு வயசு. முடி தோளுக்குக் கீழ ஒரு சாண் இருக்கும். மெல்லிய நேர் முடி. முடியை மூணு காலாப் (பிரியா) பிரிச்சுப் போடுற மூணு கால் பின்னல் எப்படிப் போகுதுன்னு புரிஞ்சிடுச்சு. ஆனா போட்ட ஒரு மணி நேரத்துல பிடரிப் பக்கம் தொளதொளன்னு ஆகி, காதோரம் எல்லாம் வெளிய வந்துடுது. கொஞ்சம் இறுக்கினா வலிக்குதுன்னு அழறா. "இறுக்கிப் பின்னினாத்தான் முடி நீளமா வளரும், அழுதா அழட்டும்"னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. எது சரி? கையை எங்க வைக்கணும், எவ்வளவு இழுக்கணும்?

வால்சீப்பு · ஜூன் 2, மதியம்

வளர்ச்சிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். முடி வளர்வது தோலுக்கு உள்ளே, வேரில். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். வெளியே தொங்கும் முடியை எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பின்னுவதால் கிடைக்கும் நன்மை வேறு. முடி ஒன்றோடொன்று உராய்வதும் சிக்காவதும் குறைகிறது, நுனி உடையாமல் இருக்கிறது, வளர்ந்த நீளம் அப்படியே நிற்கிறது. இதற்கு இறுக்கம் தேவையே இல்லை.

இனி உங்கள் கேள்வி. இறுக்கம் சடைக்குள் இருக்க வேண்டும், தலையில் இருக்கக் கூடாது. மூன்று கால்களும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்தால் சடை நிற்கும். மண்டைத் தோலை இழுத்தால் குழந்தைக்கு வலிக்கும், சடை மட்டும் அப்படியே அவிழும். உங்களுக்கு இரண்டு தொல்லையும் சேர்ந்தே வருகிறது என்றால், பின்னும்போது கைகள் தலையை விட்டு உங்கள் பக்கமாக விலகி நிற்கின்றன என்று அர்த்தம். முடியை உங்களை நோக்கி இழுத்துப் பிடித்துப் பின்னுகிறீர்கள். அப்போது இறுக்கமாகத்தான் தெரியும். கையை விட்டதும் சடை முதுகில் விழும், இழுத்திருந்த அந்தத் தூரம் முழுக்கத் தளர்வாக மாறும்.

செய்ய வேண்டியது இது. முழுக்கச் சிக்கெடுத்த முடியைக் காது மடலின் அடி உயரத்தில், பிடரிக் குழியில் சேர்த்துப் பிடியுங்கள். மூன்றாகப் பிரியுங்கள். முதல் தடவை கால் மாற்றும்போது உங்கள் விரல் முட்டி குழந்தையின் கழுத்தில் பட வேண்டும். பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வலது ஓரக் காலை நடுக்காலின் மேல் போடுங்கள், இடது ஓரக் காலை நடுக்காலின் மேல் போடுங்கள். இந்த இரண்டையும் சும்மா வைத்தால் போதும், இழுக்க வேண்டாம். மூன்றாவது தடவை மாற்றிய பிறகு, கால்கள் குறுக்கே போகும் இடத்தைக் கட்டை விரலால் கழுத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரக் கால்கள் இரண்டையும் பக்கவாட்டில், ஒன்று வலத்தோளை நோக்கியும் மற்றது இடத்தோளை நோக்கியும் விரியுங்கள். பின்னல் மேலே ஏறிக் கழுத்தோடு உட்காருவது கண்ணுக்கே தெரியும். தோல் கொஞ்சம்கூட இழுபடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றுக்கும் அதே விரிப்பு, அதே அளவு. சடை நீள நீளக் கையும் முதுகோடு ஒட்டிக் கீழே இறங்க வேண்டும்.

வால்சீப்பு · ஜூன் 2, இரவு

மதியம் எழுதியதில் தலை நிற்கும் நிலையைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பிடரி தொளதொளப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். குழந்தை குனிந்து எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னினால் பிடரித் தோல் நீண்டிருக்கும். நிமிர்ந்ததும் தோல் சுருங்கும், அங்கே முடி பை மாதிரி உப்பும். தலையை அண்ணாந்து வைத்துப் பின்னினால் இதற்கு எதிரானது நடக்கும். சடை அழகாக இருக்கும், குழந்தை குனிந்து எழுத ஆரம்பித்ததும் சுருக்கென்று இழுக்கும். அவளுடைய கண் உயரத்தில் சுவரில் ஒரு படத்தை ஒட்டுங்கள், கைபேசி என்றால் அதே உயரத்தில் சாய்த்து வையுங்கள். மடியில் புத்தகம் கொடுக்காதீர்கள்.

உட்காரும் உயரமும் முக்கியம். குழந்தையின் உச்சி உங்கள் நெஞ்சுக் குழிக்கு நேராக இருந்தால் முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கும். அதைவிட உயரத்தில் தலை இருந்தால் தோள் வலிக்கும், கை சோர்ந்து, கடைசிப் பாதி தளர்ந்துவிடும். நின்றுகொண்டு பின்னுபவர்கள் குழந்தையை முக்காலியில் உட்கார வைக்கலாம். தரையில் உட்கார வைத்துவிட்டு நாற்காலியில் இருந்து பின்னினால் மேல் பகுதிக்குச் சரியாக வரும், நுனிக்கு வரும்போது முதுகை வளைக்க வேண்டியிருக்கும்.

சுருள்முடி · ஜூன் 3, காலை

வால்சீப்பு சொன்னது நேர் முடிக்குக் கச்சிதம். சுருட்டை முடிக்குச் சில விஷயம் மாறும், அதை மட்டும் சொல்றேன்.

காய்ஞ்ச சுருள் முடியில சீப்பே வைக்காதீங்க. தண்ணி தெளிச்சு, கண்டிஷனர் தடவி, முதல்ல விரலால பிரிங்க. அப்புறம் பெரிய பல் சீப்பு. தலையை நாலு பாகமாப் பிரிச்சு மூணைக் கிளிப்ல மாட்டிட்டு, ஒண்ணொண்ணா எடுங்க. சொட்டச் சொட்ட ஈரத்துல பின்னாம, துண்டால ஒத்தி எடுத்த ஈரப்பதத்துல பின்னுங்க. காயும்போது சுருள் முடி சுருங்கி மேல ஏறும். அதனால வேர்ப் பக்கம் முதல் ரெண்டு மாற்று உங்களுக்குத் "தளர்வா இருக்கே"ன்னு தோணுற அளவுலதான் இருக்கணும். காய்ஞ்சதும் தானாச் சரியாகும். நல்லாச் சுருண்ட முடிக்கு நுனியில ரப்பர் பேண்டும் தேவையில்லை. கடைசி ரெண்டு மூணு சென்டிமீட்டரை விரல்ல சுத்திவிட்டா நின்னுக்கும்.

வால்சீப்பு · ஜூன் 3, காலை

இதை ஒப்புக்கொள்கிறேன். நேர் முடிக்காரர்கள் ஒரு எல்லை தெரிந்துகொள்ள வேண்டும். ஈரமான முடி உலர்ந்ததைவிட எளிதில் நீளும், அந்த நீட்டத்தில் அறுந்தும் போகும். ஈரத்தில் இழுத்துப் பின்னிய நேர் முடி காயும்போது வேரைப் பிடித்து இழுக்கும். தலை குளித்த அன்று அவசரம் என்றால், உலர்ந்த பிறகு பின்னிக்கொள்ளலாம் என்று தளர்வாக ஒரு பேண்ட் மட்டும் போட்டு அனுப்புவதே நல்லது. பின்னிய சடையின் உட்பக்கம் காய வெகு நேரமாகும், நாற்றமும் பிடிக்கும். அடங்காத சிறு முடிக்கு உள்ளங்கையில் தடவிய கொஞ்சம் தண்ணீரோ, இரண்டு சொட்டு எண்ணெயோ போதும்.

சிக்கெடுப்பதைப் பற்றி இருவருக்கும் பொதுவாக ஒன்று. நுனியில் தொடங்கி மேலே வர வேண்டும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிடிக்குக் கீழே சீவினால் இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. சடைக்கு அழுகிற குழந்தைகளில் பலர் உண்மையில் சீப்புக்குத்தான் அழுகிறார்கள்.

புதுக்கை · ஜூன் 3, இரவு

கழுத்துல விரல் படணும்கிறது வேலை செய்யுது. இப்ப வேற பிரச்சினை. நடுவுல அவ தலையைத் திருப்பிட்டா எந்தக் கால் அடுத்துன்னு மறந்துபோகுது. மூணையும் விட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

வால்சீப்பு · ஜூன் 3, இரவு

எண்ணி நினைவில் வைக்க வேண்டியதில்லை. எந்தக் கையில் இரண்டு கால் இருக்கிறதோ, அந்தக் கையின் வெளி ஓரக் கால்தான் அடுத்தது. அது பக்கத்துக் காலின் மேல் ஏறி நடுவுக்கு வரும், மறு கை அதை வாங்கிக்கொள்ளும். இப்போது மறு கையில் இரண்டு, எனவே அடுத்த முறை அந்தப் பக்கம். குழந்தை திரும்பினாலும் தும்மினாலும் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றையும் கைவிட்டே போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். சடையின் கடைசிப் பின்னலைப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் மேலே படுத்திருக்கும் கால் கடைசியாகப் போட்டது. அது எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்திருக்கிறதோ, அடுத்தது அதற்கு எதிர்ப் பக்கம்.

வால்சீப்பு · ஜூன் 4

குழந்தை தலையில் பழகுவதற்கு முன் துணியில் பழகினால் அவளுக்கு நிம்மதி. மூன்று நிறத்தில் பழைய துணியை மூன்று விரல் அகலத்தில், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, நாற்காலி முதுகில், உங்கள் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டுங்கள். சரியாகப் பின்னினால் மூன்று நிறமும் ஒரே வரிசையில் மாறி மாறி வரும். எங்காவது அந்த வரிசை மாறினால் அந்த இடத்தில் ஒரு பக்கத்தை இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்னி நிறம் சரியாக வந்துவிட்டால் கை பழகிவிட்டது. துணி வழுக்காது, முடி வழுக்கும் என்பதால், பிறகு வழவழப்பான ரிப்பனில் ஒரு முறை செய்து பாருங்கள். சீரான இறுக்கம் அப்போதுதான் கைக்கு வரும்.

மெல்லிழை · ஜூன் 5

எங்க வீட்டுக் குழந்தைக்கு மூணு வயசு, பட்டு மாதிரி முடி. சடை போட்டா நுனியில பேண்ட் வழுக்கி விழுந்துடுது. எத்தனை சுத்து சுத்தினாலும் நிக்கலை.

வால்சீப்பு · ஜூன் 5

சுற்றை அதிகமாக்குவதில் பயனில்லை. மெல்லிய முடியில் நுனி வரை பின்னினால் கடைசிப் பகுதியில் ஐம்பது இழைகூட இருக்காது, பேண்ட் பிடிக்க எதுவும் கிடைக்காது. நுனிக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் மேலேயே, சடை இன்னும் சுண்டு விரல் பருமன் இருக்கும்போதே நிறுத்திக் கட்டுங்கள். கட்டும் இடத்தைத் தண்ணீரால் லேசாக ஈரமாக்குங்கள். கடைசிச் சுற்றில் முடியை முழுக்க வெளியே இழுக்காமல் பாதியில் நிறுத்திக் கொண்டை மாதிரி விட்டால் பேண்ட் தாண்டி வராது.

துணி சுற்றிய சின்ன பேண்ட் நல்லது. வெறும் ரப்பர் முடியோடு ஒட்டி, கழற்றும்போது இழைகளை அறுக்கும். உலோக இணைப்பு உள்ள பேண்டில் முடி சிக்கும். சின்ன ரப்பரைத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால் உருவி எடுக்காதீர்கள். சடைக்கும் ரப்பருக்கும் இடையில் வால் சீப்பின் கூரான கைப்பிடியை நுழைத்துத் தூக்கி, சிறு கத்தரியால் ரப்பரை மட்டும் வெட்டிவிடுங்கள்.

மூன்று வயதுக்கும் குறைந்த குழந்தை என்றால் மணி, சின்னக் கிளிப், குட்டி ரப்பர் எதுவும் தலையில் வேண்டாம். பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். தூங்கப் போகும்போது எந்த வயதானாலும் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும்.

சுருள்முடி · ஜூன் 5

மெல்லிய முடிக்கு ரெண்டு கால் முறுக்கையும் சொல்லலாம். மூணு கால் பிரிக்கிறதுக்கே முடி பத்தாதப்போ அது உட்காரும். முடியை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டையும் தனித்தனியா வலப்பக்கமா முறுக்குங்க. அப்புறம் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு இடப்பக்கமாச் சுத்துங்க. முறுக்குற திசையும் சுத்துற திசையும் எதிரெதிரா இருந்தாத்தான் ஒண்ணையொண்ணு பூட்டும். கயிறு திரிக்கிறதும் இதே கணக்குதான். ரெண்டும் ஒரே திசையில போனா கையை விட்ட உடனே பிரிஞ்சிடும்.

புதுக்கை · ஜூன் 8

இப்ப ரெட்டைச் சடைக்கு வந்திருக்கேன். வகிடு கோணலாப் போகுது. முன்னாடி நேரா இருக்கு, பின்னாடி பாத்தா மின்னல் மாதிரி இருக்கு.

வால்சீப்பு · ஜூன் 8

நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பில் போனால் அப்படித்தான் வரும், மண்டை உருண்டை என்பதால் உங்கள் மணிக்கட்டு நடுவில் திரும்பிவிடும். இரண்டு துண்டாகச் செய்யுங்கள்.

முதல் துண்டு: வால் சீப்பின் முனையை மூக்கு நுனிக்கு நேராக, நெற்றி முடி தொடங்கும் இடத்தில் வையுங்கள். அழுத்த வேண்டாம், தோலில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதைத் தூக்காமல் உச்சி வரை இழுங்கள். இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் படிய வையுங்கள். அடுத்த துண்டுக்கு நீங்கள் நேர் பின்னால் போய் நில்லுங்கள், பக்கத்தில் நின்று செய்தால் கோணும். பிடரிக் குழியின் நடுவை விரலால் தொட்டுப் பாருங்கள், இரண்டு தசைகளுக்கு நடுவே குழிந்த இடம். உச்சியில் வகிடு முடிந்த புள்ளியிலிருந்து அந்தக் குழியைப் பார்த்து ஒரே இழுப்பு. இப்போது ஒரு பக்கத்தைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, வகிட்டைத் தாண்டி நிற்கும் இழைகளை முனையால் ஒவ்வொன்றாக அதனதன் பக்கம் தள்ளுங்கள். உலர்ந்த முடியில் கோடு நிற்காது என்றால் சீப்பு முனையை மட்டும் நனைத்துக்கொள்ளலாம்.

தினமும் ஒரே வகிடு என்றால் அந்தக் கோட்டின் இரு பக்க வேர்களும் ஒரே இழுப்பை நாள் தோறும் வாங்கும். வாரத்தில் சில நாள் வகிட்டை ஒரு விரல் தள்ளிப் போடுங்கள், அல்லது ஒற்றைச் சடைக்கு மாறுங்கள்.

மெல்லிழை · ஜூன் 9

வலின்னு வாய் திறந்து சொல்லாத குழந்தைக்கு இறுக்கம் அதிகமா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வால்சீப்பு · ஜூன் 9

இந்த உரையாடலில் இதுதான் முக்கியமான கேள்வி. பின்னி முடித்ததும் நான்கு இடம் பாருங்கள். புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், நெற்றியோரத் தோல் ஏற்கெனவே மேலே இழுபட்டிருந்தால் புருவம் சரியாக ஏறாது. தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் பிடரி இறுக்கம். வகிட்டையும் காதோரத்தையும் பாருங்கள், ஒவ்வொரு முடியும் முளைக்கும் இடத்தில் தோல் கூடாரம் மாதிரி தூக்கி, வெளுத்துத் தெரிந்தால் அவிழ்த்துவிட வேண்டும். கடைசியாக, முதல் மாற்றுக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் சுண்டு விரல் நுனி நுழைய வேண்டும்.

நாள்பட்ட அறிகுறிகள் வேறு. நெற்றியோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் காதுக்கு மேலும் குட்டையாக உடைந்த முடிகள், முடிக் குழியைச் சுற்றிச் சிவப்பு, சிறு பரு, மாலையில் சடையை அவிழ்த்த பிறகும் தொட்டால் வலி. தொடர்ந்து இழுபடுவதால் முடி கொட்டுவதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, இழுவை வழுக்கை என்று தமிழில் சொல்லலாம். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்திவிட்டால் முடி திரும்ப வளரும். பல வருடம் அப்படியே விட்டால் வேர் தழும்பாகி, அந்த இடத்தில் முடி வராமலே போகலாம். சிவப்போ பருவோ கண்டால் சில வாரம் தலையைப் பின்னாமல் விடுங்கள், அதற்குள் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்று சொல்லி வலியோடு அனுப்பாதீர்கள். மறுபடி பின்ன ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நாலுகால் · ஜூன் 12

மூணு கால் வந்தவங்க நாலு கால் பின்னலுக்கும் போகலாம். தட்டையா, அகலமா, அழகா இருக்கும். இடது ஓரக் காலைப் பக்கத்துக் கால் மேல போடுங்க, வலது ஓரக் காலைப் பக்கத்துக் காலுக்கு அடியில விடுங்க, அப்புறம் நடுவுல இருக்கிற ரெண்டுல இடதை வலது மேல போடுங்க. அவ்வளவுதான்.

வால்சீப்பு · ஜூன் 12

கடைசி அடி மட்டும் மாற வேண்டும், நடுவில் வலதுதான் இடதின் மேல் போக வேண்டும். ஒரே ஒரு காலைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இடது ஓரத்திலிருந்து கிளம்பும் கால் முதலில் பக்கத்துக் காலின் மேலே போகிறது. நடுவுக்கு வந்ததும் அது அடியில் போக வேண்டும், வலது ஓரத்தை நெருங்கும்போது மறுபடி மேலே. மேல், அடி, மேல் என்று மாறினால்தான் நெசவு. நடுவில் இடதை மேலே போட்டால் அந்தக் கால் மேல், மேல், மேல் என்றே போய் ஓரம் சேரும். எந்தக் காலும் எந்தக் காலையும் பூட்டாது. பார்க்கப் பின்னல் மாதிரி இருக்கும், இரண்டு முறை தலையை ஆட்டினால் பிரிந்துவிடும்.

நான்கு நிறத் துணியில் இரண்டு விதமாகவும் பின்னி நுனியை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

நாலுகால் · ஜூன் 13

துணியில போட்டுப் பாத்தேன், நீங்க சொன்னதுதான் நிக்குது. இன்னொரு குறிப்பு: நாலு கால்ல ஓரக் கால் ரெண்டையும் நடுவை விட ஒரு பொட்டுக் கனமாப் பிரிச்சா தட்டையா உட்காருது. எல்லாம் ஒரே கனம்னா நடுவுல கூர்மையா எழும்புது.

மெல்லிழை · ஜூன் 16

பேன் வந்துடுச்சு. சடை போட்டா வராதுன்னு சொன்னாங்களே?

சுருள்முடி · ஜூன் 16

வராதுன்னு இல்லை, வாய்ப்பு குறையும். பேன் தாவாது, பறக்காது, ஒரு தலை இன்னொரு தலையில படும்போது முடி வழியா ஊர்ந்து போகும். விரிஞ்ச முடியை விடக் கட்டின முடி அடுத்தவங்க தலையில படுறது குறைவு, அவ்வளவுதான்.

இப்ப செய்ய வேண்டியது: சடையை அவிழ்த்து, தலையை நனைச்சு, கண்டிஷனரை நிறையத் தடவி, பேன் சீப்பை வேர்லேர்ந்து நுனி வரைக்கும் ஒவ்வொரு பாகமா இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும்தான் அதிகம் இருக்கும். ஈர் தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள முடியோட ஒட்டியிருக்கும். அது பொரிக்க ஒரு வாரத்துலேர்ந்து பத்து நாள் ஆகும்கிறதால ஒரு தடவை சீவி விட்டா போதாது. மூணு நாலு நாளுக்கு ஒரு தடவைன்னு ரெண்டு வாரம் விடாமச் சீவணும். கூட இருக்கிற எல்லார் தலையையும் அதே நாள்ல பாருங்க.

வால்சீப்பு · ஜூன் 16

இதோடு ஒன்று சேர்க்கிறேன். சடை பின்னும் நேரமே பேன் பார்க்கச் சிறந்த நேரம். வகிடு எடுக்கும்போது காதுக்குப் பின்னால் ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டால் பத்துப் பேன் ஆகும் முன்பே தெரிந்துவிடும்.

புதுக்கை · ஜூன் 20

வெளியூர் போயிருந்ததால மூணு நாள் அதே சடை. இன்னிக்கு அவிழ்த்தா ஒரு கொத்து முடி கையோட வந்துடுச்சு. பயமா இருக்கு.

வால்சீப்பு · ஜூன் 20

பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது பெரியவர்களுக்கு இயல்பு, குழந்தைக்கும் தினமும் கொஞ்சம் உதிரும். முடி விரிந்திருந்தால் அங்கங்கே விழுந்து கண்ணில் படாது. சடைக்குள் உதிர்ந்தது வெளியே போக வழியில்லாமல் தங்கி, அவிழ்க்கும்போது மொத்தமாக வருகிறது. கையில் வந்த இழைகளின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் நடுவில் உடைந்தது, பேண்டையும் இறுக்கத்தையும் கவனியுங்கள். தலையில் வட்டமாக வெறுமை தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

அந்தக் கொத்தைத் தரையில் போடாதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உதிர்ந்த ஒரு நீள முடி அதன் கால் விரலில் சுற்றி, இறுகி, இரத்த ஓட்டத்தையே நிறுத்தக்கூடும். காரணம் தெரியாமல் கைக்குழந்தை விடாமல் அழுதால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும். சுற்றிய முடியை எடுக்க முடியவில்லை என்றாலோ விரல் வீங்கி நிறம் மாறியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மெல்லிழை · ஜூன் 24

உச்சியிலேர்ந்து முடி சேர்த்துச் சேர்த்துப் பின்னுற பிரெஞ்சுப் பின்னல் இவளுக்கு வருமா? முன்னாடி குட்டை முடி நிறைய இருக்கு, எந்தச் சடையிலயும் அடங்க மாட்டேங்குது.

வால்சீப்பு · ஜூன் 24

குட்டை முன் முடிக்கு அதுதான் சரியான பின்னல், ஏனென்றால் முடி வெளியே வரும் இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. நெற்றிக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்கு முடி எடுத்து மூன்றாகப் பிரித்து, எதையும் சேர்க்காமல் ஒரு முறை வலமும் ஒரு முறை இடமும் மாற்றுங்கள். மூன்றாவது மாற்றிலிருந்து, வலது ஓரக் காலை நடுவுக்குப் போடும் முன், வலப்பக்க முடியோரத்திலிருந்து ஒரு விரல் அகலப் பட்டையைச் சுண்டு விரலால் பிரித்து அந்தக் காலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இடமும் அப்படியே. பட்டை நெற்றியோரத்திலிருந்து பின்னல் வரை முழுதாக வர வேண்டும். பின்னலுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் அள்ளினால் ஓரத்து முடி விட்டுப்போய், பிறகு அதைச் சேர்க்கும்போது புடைக்கும்.

புடைப்புக்கு இன்னொரு காரணம் பட்டைகளின் கனம் மாறுவது. மெல்லியதாகவே எடுங்கள், தடியாக எடுத்தால் வேகமாக முடியும், நேர்த்தி போய்விடும். சேர்க்கும் பட்டையைச் சேர்க்கும் முன்பே சீப்பால் ஒரு முறை படிய வாரிவிடுங்கள். சேர்த்த பிறகு வாரினால் பின்னல் கலையும். காது தாண்டியதும் கை தானாகப் பின்னால் விலகத் தொடங்கும், அங்கேதான் முதல் நாள் சொன்ன கழுத்தில் விரல் மறுபடி வேண்டும். பிடரியில் சேர்க்க முடி தீர்ந்ததும் சாதாரண மூன்று கால்.

கால்களை மேலே போடாமல் அடியில் விட்டுக்கொண்டே இதையே பின்னினால் பின்னல் தலையின் மேல் புடைத்து நிற்கும், டச்சுப் பின்னல் என்பார்கள். வழுக்கும் முடிக்கு அது இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

புதுக்கை · ஜூன் 28

ரெட்டைச் சடையை மடிச்சு ரிப்பன் கட்டும்போது காதுக்குப் பின்னாடி வலிக்குதுன்னு சொல்றா.

வால்சீப்பு · ஜூன் 28

சடையை மடித்து வேர் முடியைச் சுற்றிக் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ரிப்பன் சடையின் முதல் இரண்டு மாற்றுகளுக்குக் கீழே, பின்னலைச் சுற்றி உட்கார வேண்டும். அப்போது பாரம் பின்னலில் நிற்கும்.

ரிப்பனைச் சடைக்குள்ளேயே சேர்த்துப் பின்னிவிட்டால் பேண்டும் தேவைப்படாது. ஒரு சடைக்கு ஒரு மீட்டர் ரிப்பன், இரண்டு சென்டிமீட்டர் அகலம். சடை பாதி வந்ததும் ரிப்பனை நடுவில் மடித்து, மடிப்பை நடுக்காலின் அடியில் வைத்து, ஒரு வாலை வலக் காலோடும் மறு வாலை இடக் காலோடும் சேர்த்துப் பின்னுங்கள். நுனிக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்தி, ஒரு வாலால் நுனியை இரண்டு சுற்றுச் சுற்றி, மற்றதோடு ஒரு முடிச்சு. இப்போது சடையை உள்பக்கமாக மடித்து நுனியை மேலே கொண்டுவந்து, மீதி வால்களைச் சடைக்கு இரண்டு பக்கமும் விட்டு முன்னால் கொண்டுவந்து பூப்போல முடியுங்கள். முடிச்சு காதுக்குப் பின்னால் எலும்பில் அழுந்தாமல், அதற்கு ஒரு விரல் கீழே வர வேண்டும்.

ஊஞ்சல், சறுக்கு மரம், மிதிவண்டி என்று விளையாடப் போகும் நாளில் மடித்துக் கட்டுவதே பாதுகாப்பு. தொங்கும் நீளச் சடையும் ரிப்பன் வாலும் சங்கிலியிலும் சக்கரத்திலும் மாட்டும். தலைக்கவசம் போட வேண்டும் என்றால் பிடரிக்குக் கீழே இரண்டு தாழ்ந்த சடை, மடிக்காமல் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். உச்சியில் கொண்டை இருந்தால் கவசம் தலையில் சரியாக உட்காராது.

புதுக்கை · ஜூலை 1

கடைசியா ஒண்ணு. வலது சடை எப்பவும் இடதை விட இறுக்கமா, குட்டையா வருது.

வால்சீப்பு · ஜூலை 1

பழக்கப்பட்ட கை அதிகம் இழுக்கிறது, அந்தப் பக்கச் சடைக்கு நீங்களும் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறீர்கள். ஒவ்வொரு சடைக்கும் அதற்கு நேர் பின்னால் நகர்ந்து நில்லுங்கள். வலது சடையை வலது ஓரக் காலில் தொடங்கினால் இடது சடையை இடது ஓரக் காலில் தொடங்குங்கள், இரண்டும் கண்ணாடியில் பார்த்தது போல் ஒத்து வரும். தளர்வாக வரும் பக்கத்தை முதலில் பின்னுங்கள், கை சோராமல் இருக்கும்போது. அதன் நீளத்தைப் பார்த்து இரண்டாவதின் இறுக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இறுகியதற்கு ஏற்ப மற்றதையும் இறுக்குவது வேண்டாம்.